அண்ணையும் ஒரு துவக்குச் சோங்கும்

அண்ணையின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே,

நினைவு மலர் என்றால் நல்லதை மட்டும் எழுதுவார்கள். வாசிப்பவர்கள் அதில் பாதியைத்தான் நம்புவார்கள். நான் யாரையும் எதையும் பாதிக்கு மேல் நம்பாதவள் என்பது உங்களில் பலருக்குப் பட்டுத் தெரிந்த விசயம். ஆகையால் நீங்கள் முழுதாக நம்பக்கூடிய ஒன்றையே எழுதுகிறேன். ஒரு கோடை முழுவதும் நான் என் அண்ணையைச் சந்தேகித்தேன்.

அண்ணை மன்னாரில் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அவருக்குப் பதினைந்து வயது. அம்மாவையும் என்னையும் பார்ப்பதற்காகப் படிப்பை விட்டு, மேசை கட்டில் செய்யும் தளபாடப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். எந்நேரமும் வாயில் ஆணியை வைத்துக்கொண்டு வேலை செய்வதால்தான் அவருக்குப் பேச்சு வராமல் போனது என்று அம்மா பகிடி பண்ணுவார். பின்னர் ஆமிக்காரரின் ஒரு சுற்றிவளைப்பில் கோயில் மதிலோடு நிறுத்தப்பட்ட ஆண்களில் அண்ணையும் ஒருவர். துவக்குச் சோங்கால் அவருடைய தலையின் இடது பக்கத்தில் அடித்தார்கள். தோளில் முட்டுக்கொடுப்பதற்குத் துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் மரக்கட்டையைத்தான் நாங்கள் சோங்கு என்போம். அன்றிலிருந்து அவருக்கு இடது காது கேட்காது.

வள்ளத்தில் இராமேஸ்வரம், அங்கே முகாம், பிறகு மொன்றியல். டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். பிறகு பழைய தளபாடங்களைப் புதுப்பிக்கும் கடை ஒன்று அவருடைய கையின் அருமையைக் கண்டுகொண்டது. கலியாணம் கட்டவில்லை. என் கணவர் இறந்த பின் நானும் மகளும் இங்கே வந்தபோது மொன்றியலுக்குப் பக்கத்துக் கர்க்லாண்டில் அவர் வாங்கியிருந்த சிறிய வீட்டின் மேல் மாடியை எங்களுக்குத் தந்துவிட்டு, தான் கீழே பேஸ்மென்றுக்கு இறங்கிக்கொண்டார். இந்தப் பெருந்தன்மையைக்கூட நான் முதலில் நம்பவில்லை. கீழே தனியாக இருக்க அப்படி என்ன அவசியம் என்றுதான் யோசித்தேன்.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் போயிருந்தது. ஒரு நாள் என் ஸ்திரிக்கைப் பெட்டியின் அடியில் மண்ணிறக் கறை இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், பழைய எண்ணெய் மணம். அண்ணை தன் சேட்டுக்குக்கூட ஸ்திரிக்கை போடாதவர். அவர் வேலைக்குப் போன பிறகு பேஸ்மென்றுக்கு இறங்கிப் பார்த்தேன். மேசையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றால் சுற்றியபடி இரண்டு மரத்துண்டுகள் கிடந்தன. ஒன்று நீளமானது, நடுவில் வாய்க்கால் போலக் குடைந்தது. மற்றதைப் பிரித்துப் பார்த்தேன். அது ஒரு சோங்கு.

கேட்டிருக்கலாம்தானே என்பீர்கள். எங்கள் வீட்டில் தமையனை நேரே நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. சுற்றி வளைத்துத்தான் அறிவோம். அதிலும் நான் கெட்டிக்காரி. அண்ணை பழைய கறுப்புப் பூச்சைத் துடைத்திருந்த இடத்தில் மரத்தில் குத்திய எழுத்துகளும் இலக்கங்களும் தெரிந்தன. கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் உரசி அப்படியே எடுத்தேன். நூலகத்தில் துவக்குகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காதபடி சமையல் புத்தகத்துக்குள் வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். அடியில் பித்தளைத் தகடு, பட்டி கோர்க்கும் வளையம், முத்திரை எல்லாம் பொருந்தின. வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பழைய துவக்கு. சிறு வயதில் மன்னார்ப் பொலிஸ்காரரின் தோளில் நான் கண்ட அதே சாதி. படத்தில் முன்பக்க மரம் நீளமாக இருந்தது. அண்ணையின் மேசையில் இருந்ததையோ பாதியில் அறுத்திருந்தார்கள். கோட்டுக்குள் ஒளிக்கத்தான் அறுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

இரும்புப் பாகம் எங்கே? அதுதான் அடுத்த கேள்வி. அரிசி மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினேன். மாதா சுரூபத்தின் பின்னாலும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அண்ணையோடு தொலைபேசியில் கதைப்பவர்கள், கோயிலில் அவரோடு சிரிப்பவர்கள், நாங்கள் மொசியே என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வயதானவர் எல்லாரையும் ஒரு கணக்கில் வைத்திருந்தேன். அந்தக் கியூபெக் கிழவர் வேலிக்கு மேலால் அண்ணைக்குக் கட்டை விரலைக் காட்டுவார். என்னைக் கண்டதும் கையை இறக்கிவிடுவார். அது போதாதா எனக்கு?

ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியை எடுத்த மகள் பிரெஞ்சில் ஏதோ கதைத்துவிட்டு, "அம்மா, நாளைக்குப் பொலிஸ் வீட்டை வருமாம்" என்று சொல்லிக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டாள். ஏன் என்று அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஊரில் சுற்றிவளைப்பு என்ற சத்தம் கேட்டால் ஏன் என்று யார் கேட்டோம்? கையில் அகப்பட்டதையெல்லாம் கிணற்றில் போடுவோம். எங்கள் குடும்பப் படங்கள் அத்தனையும் அப்படிப் போனவைதான். இங்கே கிணறு இல்லை. இரண்டு துண்டுகளையும் அரிசிப் பை ஒன்றுக்குள் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, பஸ் பிடித்துச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போய், ஆளில்லாத நேரம் பார்த்து ஆற்றில் போட்டேன்.

மரம் மிதக்கும் என்பது கடற்கரையில் பிறந்த எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. பை ஆடி ஆடி மேலே வந்தது. படகில் இருந்த ஒருவர் கொளுக்கித் தடியால் அதை இழுத்தெடுத்தார். பையில் பெரிய தமிழ் எழுத்து. கரையில் நின்ற ஒரே தமிழ்ப் பெண் நான். அவர் சிரித்தபடி நீட்டினார். நான் "மெர்சி" சொல்லி வாங்கினேன். வேறு என்ன செய்வது?

வீடு வந்தபோது அண்ணை வெறும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் கோபிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் எடுத்துத் துணியால் ஒற்றினார். சோங்கின் ஒடுங்கிய கழுத்தில் முன்பே இருந்த வெடிப்பு இப்போது ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறந்திருந்தது.

"இது ஆருடையது?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டு மொசியேன்ரை. அவரின்ரை தமையன் மான் வேட்டைக்குக் கொண்டு போன துவக்கு. பாரம் குறைய வேணுமெண்டு முன் மரத்தை அந்த ஆளே அறுத்தவராம். போன வருசம் செத்துப்போனார்."

"அப்ப இரும்பு?"

"அது பதிவோடை மொசியேன்ரை அலுமாரியிலை பூட்டிக் கிடக்கு. மரத்தை மட்டும்தான் என்னட்டைத் தந்தவர். நசுங்கின இடத்திலை ஈரத்துணியைப் போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியை வைச்சால் மரம் எழும்பி வரும். அதுதான் உன்ரை பெட்டியை எடுத்தனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நம்பியிருப்பியோ?"

அவர் சொன்னதை அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை என்பதே உண்மை. என் மனதை அரித்தது வேறொன்று. அதை வாய்விட்டுக் கேட்டேன். "உங்களுக்கு இதாலைதானே அடிச்சவங்கள். எப்பிடி அண்ணை இதைத் தொட மனம் வந்தது?"

சோங்கைத் திருப்பி மற்றப் பக்கத்தைத் துடைத்தார். "அடிக்கேக்கை நான் கண்ணை மூடிட்டன். என்னிலை பட்டது என்னெண்டு பார்க்கேல்லை. மொசியே கொண்டு வந்து நீட்டேக்கை, ஒருக்கால் வடிவாப் பார்க்க வேணும் போலை இருந்தது" என்றார்.

அன்று நான் அழுதேன். அப்படியிருந்தும் மறுநாள் காலை மொசியேயின் வீட்டுக் கதவைத் தட்டி, அலுமாரியைத் திறந்து காட்டச் சொன்னேன். பாவம், மனிதர் திறந்து காட்டினார். இரும்பு அங்கேதான் இருந்தது. அன்று மத்தியானம் வந்த பொலிஸ்காரர், மகளின் களவுபோன சைக்கிளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். களவு போனதை அவள் பள்ளிக்கூடத்தில் சொல்ல, அவர்கள் பொலிஸுக்கு அறிவித்திருக்கிறார்கள். நான் குறுக்குக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவேன் என்று அவள் என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

சோங்கு காய மூன்று வாரம் சென்றது. புதிதாக வேறொன்று வாங்கிப் பூட்டலாம் என்று மொசியேயே சொன்னார். தமையன் கன்னம் வைத்துத் தேய்ந்த மரத்தை எறியக்கூடாது என்று அண்ணை மறுத்தார். வெடிப்புக்குப் பசை விட்டு, மெல்லிய மர ஆப்பு இறக்கி, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஊட்டினார். மொசியே அதை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணை அளந்து பேசுவார், யாரையும் குறை சொல்லமாட்டார், ஞாயிறு பூசை தவறவிடமாட்டார். போன வருடம் ஈரலில் நோய் கண்டு நாலே மாதத்தில் போய்விட்டார். கடைசி நாட்களிலும் என்னைப் பார்த்து "சாப்பிட்டியோ?" என்றுதான் கேட்டார்.

அந்த மாதங்களில் தாதிமார், பங்குத் தந்தை, முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த கோயில் பெண்கள், பனியில் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன மொசியே, எல்லாருக்கும் என் நன்றி. உங்களில் சிலரையும், இந்த உதவிக்குள் என்ன இருக்கிறதோ என்று நான் பார்த்ததுண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடக்கம் முடிந்த மறுநாள் பேஸ்மென்றுக்கு இறங்கி அவருடைய அலுமாரி, பெட்டி, மெத்தையின் அடி எல்லாவற்றையும் கிளறினேன். இவ்வளவு நல்லவராக ஒருவர் இருக்க முடியாது, எங்கோ ஏதோ ஒன்றை ஒளித்திருப்பார் என்று தேடினேன். நாலு சேட், ஒரு செபமாலை, உளிகள். வேறொன்றும் இல்லை. அந்த வெறும் அறையில் இருந்துகொண்டு, உயிரோடு இருந்தபோது அவரிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னேன். உங்கள் எல்லாருக்கும் முன்னால் இங்கேயும் சொல்கிறேன்.

அண்ணை, நான் உங்களை நம்பியிருக்க வேணும். மன்னியுங்கோ.

உங்கள் தங்கச்சி