மூன்றாம் வரிசைத் தாடிக்காரர்

சிசிலித் தீவின் பலெர்மோவில் நான் முதலில் வேலைக்குப் போன வீடு வியா மக்வேதாவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மேல்மாடியில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்காரி கலியாணம் கட்டாத வயோதிபப் பெண். சிஞ்ஞோரா, அம்மணி, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்குச் சமைத்து, வீட்டைத் துடைத்து, இரவில் அங்கேயே படுப்பது என் வேலை. என் கணவர் யுத்தத்தில் இறந்துவிட்டார். மகளை யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளைக் கூப்பிடுவதென்றால் என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குச் சிஞ்ஞோரா கையெழுத்து வைக்க வேண்டும். ஆகவே சிஞ்ஞோராவின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையாக இருந்தது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். எப்படித்தான் சமாளித்தேனோ தெரியாது.

சாப்பாட்டறைச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு படம் தொங்கியது. ஒரே கண்ணாடிக்குள் நூற்றுக்கணக்கான ஆண்கள், ஒவ்வொருவரும் தனித்தனி முட்டை வடிவத்துக்குள். எல்லோருக்கும் மீசை, பாதிப் பேருக்குத் தாடி. இத்தாலியை ராசா ஆண்ட காலத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அவர்கள். சிஞ்ஞோராவின் பாட்டனாரும் அந்தப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவராம். கீழ் மாடியில் வேலை செய்த, என்னை இந்த வீட்டில் சேர்த்துவிட்ட மன்னார்க்காரிதான் இதைச் சொன்னாள்.

தினமும் காலையில் கோப்பி குடிக்கமுன் சிஞ்ஞோரா தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் படத்தின் முன் போய் நிற்பார். மூன்றாம் வரிசையில், தாடியை நடுவில் வகிடெடுத்தாற்போல் இரண்டாகப் பிரித்து விட்ட ஒருவரின் மேல் விரலால் தட்டித் தட்டி, சிசிலியன் மொழியில் ஏதோ முணுமுணுப்பார். பிறகு வந்து கோப்பி குடிப்பார். எனக்கு அப்போது இத்தாலியனே அரைகுறை. சிசிலியன் சுத்தமாக விளங்காது. விரல் பட்ட இடத்தைத் துடைப்பது மட்டும் எனக்கு விளங்கிய பங்கு.

"என்னடி சொல்லுறா?" என்று மன்னார்க்காரியைக் கேட்டேன்.

"செபம் சொல்லுறா அக்கா. வேறை என்ன? நாங்களும் செத்த ஆக்களோடை கதைக்கிறனாங்கள்தானே."

அவள் கத்தோலிக்கப் பெண், கோவிலுக்கு ஒழுங்காகப் போகிறவள். அவளுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். அந்தத் தாடிக்காரர்தான் பாட்டனார் என்று எண்ணிக்கொண்டேன்.

நவம்பர் தொடக்கத்தில் இந்த ஊரில் இறந்தவர்களின் நாள் வரும். கடைகளெல்லாம் சீனிப் பொம்மைகளும், மயானத்துக்குப் போகிறவர்கள் வாங்கும் செவ்வந்தியுமாக இருக்கும். சிஞ்ஞோராவின் கால்கள் படி இறங்க விடாது. பாட்டனாரின் கல்லறைக்குப் போக முடியாமல் மனுசி உள்ளுக்குள் அழுவா என்று எனக்குப் பாவமாக இருந்தது. பெர்மெஸ்ஸோ முடிய அதிக நாள் இல்லாததும் என் பாவப்படுதலில் கொஞ்சம் கலந்திருந்தது.

பல்லரோச் சந்தையில் செவ்வந்தி வாங்கிவந்து இரவே மாலை கட்டினேன். விடிய எழும்பி முழுகி, கண்ணாடியைத் துடைத்து, படத்துக்கு மாலை போட்டு, என் கணவரின் படத்துக்குச் செய்வதுபோலவே தாடிக்காரரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் ஒரு சின்ன விளக்கும் கொளுத்தினேன். அத்தனை மீசைகளுக்கு நடுவே அவர் ஒருவர்தான் எங்கள் ஊர் ஆள்போலத் தெரிந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சிஞ்ஞோரா வந்தார். பார்த்தார். தடி நின்ற இடத்திலேயே நின்றது. அறைக்குள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோப்பி ஆறியது. புதிதாகப் போட்டேன், அதுவும் ஆறியது. சைவக்காரி தங்கள் படத்தைத் தீட்டாக்கிவிட்டாள் என்று நினைத்திருப்பார் என்று எனக்குள் ஓடியது. வேலை போனால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லையென்றால் மகள் இல்லை. என் கையை நானே வெட்டிப்போடலாம் போல இருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. வந்து, படத்துக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் இத்தாலியனில், எனக்கு விளங்கவேண்டுமென்று மெல்லச் சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"இந்தச் சிவப்பு என்னத்துக்கு?"

"செத்தவைக்கு நாங்கள் வைக்கிறது, சிஞ்ஞோரா. மரியாதைக்கு. உங்கடை பாட்டனாருக்கு."

"ஆர் பாட்டன்? இவனோ?" தடியால் தாடியைக் காட்டினார். "என்ரை பாட்டன் இந்தப் படத்திலை இல்லை. இவன் அவரின்ரை கதிரையிலை ஏறிக் குந்தினவன்!"

நான் நிலத்தில் உட்கார்ந்தேன். அவர் சொல்லத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் வரி கட்டுகிறவர்களும்தான் வாக்குப் போடலாம். பெண்களுக்கு வாக்கே கிடையாது. உறுப்பினருக்குச் சம்பளமும் இல்லை, ரயில் மட்டும் இலவசம். ஆகவே பாட்டனார் ஊருக்கு வெளியே சியாகுல்லியில் இருந்த, மந்தரின் என்ற சின்ன ஆரஞ்சு வகைத் தோடந்தோட்டத்தை விற்றுவிட்டு ரோமுக்குப் போனார். போன கையோடு, எல்லா உறுப்பினர்களையும் சேர்த்துச் செய்யும் இந்தப் படத்துக்கும் முழுக்காசையும் கட்டிவிட்டார். பதவிக்காலம் ஐந்து வருடம். ஆனால் வென்றவரை ஏற்பதா விடுவதா என்று அந்தச் சபைதான் ஆராய்ந்து தீர்மானிக்கும். தோற்றவர் முறைப்பாடு வைத்தார்.

"செத்தவையும் வாக்குப் போட்டவையாம்," என்றார் சிஞ்ஞோரா. "போட்டிருப்பினம். இவன்ரை பக்கத்துச் செத்தவையும் போட்டவைதானே!"

சபை பாட்டனாரின் வெற்றியைத் தள்ளி, தோற்றவரையே உறுப்பினராக ஏற்றது. சில மாதங்களில் அவர் பெட்டியோடு திரும்பி வந்தார். அவர் வந்தபிறகு படம் வந்தது. விருந்தாளிகளுக்கு முன்னால் பிரித்தால், அவருடைய இடத்தில் இந்தத் தாடிக்காரர். காசு கட்டிய படம் என்று பாட்டனார் அதை ஆணியடித்து மாட்டி, தினமும் காலையில் முன்னால் நின்று திட்டினார். அவருக்குப் பிறகு சிஞ்ஞோராவின் அப்பா திட்டினார். இப்போது சிஞ்ஞோரா. நான் செபம் என்று நினைத்துத் தினமும் பயபக்தியோடு துடைத்தது அந்த வசவைத்தான்.

"இவனும் அஞ்சு வருசம் இருக்கேல்லை. ராசா இடையிலை சபையைக் கலைச்சுப்போட்டார். அவர் நினைச்ச நேரம் கலைக்கலாம்." முன்னுக்குச் சரிந்து குங்குமத்தைப் பார்த்தார். "மூண்டு தலைமுறையாத் திட்டுறம். நீ ஒருத்திதான் இவனுக்குப் பூப் போட்டனீ."

"இப்ப எடுத்துப்போடுறன், சிஞ்ஞோரா."

"இண்டைக்குக் கிடக்கட்டும். நாளைக்கு எடு. இவனுக்குந்தான் இப்ப ஆர் இருக்கினம்?"

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துவிட்டது. அடுத்த நாள் மாலையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். சிஞ்ஞோரா வழக்கம்போல வந்து திட்டிவிட்டுக் கோப்பி குடித்தார்.

கையெழுத்தும் வைத்தார். குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், காலையிலிருந்து நின்று பெர்மெஸ்ஸோவை வாங்கிவந்து காட்டினேன். இரண்டு வருடம் தந்திருந்தார்கள்.

"மகளை எப்ப கூப்பிடுறாய்?"

"அடுத்தமுறை புதுப்பிச்சாப் பிறகு. அதுக்கிடையிலை அல்பெர்கேரியாவிலை, சந்தைப் பக்கம், ஒரு அறை எடுத்திடுவன்."

சிஞ்ஞோராவுக்குக் கோபம் வந்துவிட்டது. தாடிக்காரருக்கு வைத்திருந்த குரல் முதல்தடவையாக என் பக்கம் திரும்பியது. "ரெண்டு வருசம் எண்டு பேப்பரிலை கிடக்கு. என்ரை பாட்டனுக்கும் பேப்பரிலை அஞ்சு வருசம் கிடந்தது! நான் இருக்கேக்கை கூப்பிடு. இஞ்சை அறை இல்லையோ?"

மகள் இங்கேயே தங்கலாம் என்று வேண்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்து வைத்துத் தந்தார். மந்தரின் தோடம்பழங்கள் சந்தையை நிறைத்திருந்த மாதத்தில் மகள் வந்து இறங்கினாள். சிஞ்ஞோரா அவளைப் பக்கத்தில் இருத்தி, பழத்தை உரித்து ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தார். வெயில் வந்ததும், இரண்டு பேர் தன்னைக் கதிரையோடு தூக்கிக் கீழே இறக்க, எங்களை வியா மக்வேதாவில் ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போனார். படக்காரர் முற்பணம் கேட்டார். "படம் கையிலை வரட்டும். ஆர் ஆர் இருக்கினம் எண்டு பாத்திட்டுத்தான் காசு," என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு வருடம் முடியமுன்னமே ஒரு காலையில் சிஞ்ஞோரா எழும்பவில்லை. சிஞ்ஞோராவின் சகோதரர் மகன் ஒருவர் வந்து வீட்டைப் பூட்டினார். நான் வேறு வேலை தேடி அலைந்தேன். மகளைக் கூப்பிடுவதை அதுவரை தள்ளிப்போட்டிருந்தால், கையெழுத்து வைக்க எனக்கு ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

அன்றைக்கு எடுத்த படம் இப்போது எங்கள் சாப்பாட்டறையில் இருக்கிறது. நடுவில் சிஞ்ஞோரா, அவருடைய நெற்றியில் குங்குமம். ஒரு பக்கம் நான். மறுபக்கம், கையில் தோடம்பழத்தோடு மகள் இருக்கிறாள்.