இறக்கைக்கு வைத்த பொட்டு

ஹட்டனில் தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினியரான என் கணவர், பெட்டி பெட்டியாக வரவழைத்த பாகங்களைப் பூட்டி, வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு சின்ன விமானம் செய்தார். எங்கள் மகளை ஏற்றிக்கொண்டு பறந்தும் விட்டார்.

ஆயுதபூஜையன்று, இறக்கை விமானத்தின் உடம்போடு சேரும் அலுமினியத் தகட்டில் குங்குமத்தைக் குழைத்துப் பொட்டு வைத்தேன்.

“இதென்ன லொறியா? தொடச்சிரு” என்று சலித்துக்கொண்டார்.

எரிச்சலோடு அழுத்தித் துடைத்தேன். பொட்டு போய்விட்டது. முடி போல ஒரு சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை.

“ஏங்க, இங்க வாங்க.”

அந்தக் கோட்டை நகத்தால் கீறிப் பார்த்தார். “வெடிப்பு. குங்குமம் உள்ள எறங்கியிருக்கு. எறக்கையே கழண்டு போயிருக்கும். பாப்பாவையும்ல ஏத்திக்கிட்டுப் போனேன்...”

சாமிதான் காட்டிக்கொடுத்தது என்கிறார்கள் தோட்டத்தில் எல்லோரும். எனக்கு நிம்மதி வரவில்லை. நான் பொட்டு வைத்தது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.