நாற்பதுக்குப் பிறகு கேம்

எங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டில் எப்போதும் முப்பத்திரண்டு சீட்டுகள்தான் இருக்கும். புதுக்கட்டு வாங்கிய அன்றைக்கே ஆறும் அதற்குக் கீழே உள்ளவையும் வேண்டாம் என்று என் கணவர் பிரித்து எடுத்துவிடுவார். சிலோன் தோட்டத்திலிருந்து எங்களோடு வந்த முந்நூற்று நாலு ஆட்டத்துக்கு அவ்வளவு போதும். அந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு மூன்று புள்ளி, ராணிக்கு இரண்டு. ஜாக்கிக்கோ முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆஸுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து. கட்டிலுள்ள எல்லாவற்றையும் கூட்டினால் முந்நூற்று நாலு வரும். நான் தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாவதோடு நின்றவள். டீ கொடுக்கப் போய்க் கதவோரம் நின்றே இந்தக் கணக்கு எனக்கு வந்துவிட்டது. வந்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஆண்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான் என்னத்தைச் சொல்ல.

பகலில் அவருக்கு வேறு கணக்கு. கோத்தகிரிப் பக்கம் தோட்டத்துத் துரைமார்களின் கிளப்பில் டென்னிஸ் மார்க்கராக இருந்தார். கேட்கிற துரைக்கும் மேடத்துக்கும் கோர்ட்டை ஒதுக்கி வைப்பார், அதற்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார், ஆள் குறைந்தால் கூட இறங்கி ஆடுவார், ஆடும்போது எண்ணிக்கை சொல்வார். பதினைந்து, முப்பது, நாற்பது, அப்புறம் கேம். முப்பதுக்கு அடுத்தது நாற்பத்தைந்துதானே என்று ஒருமுறை கேட்டேன். "நானுந்தான் கேட்டேன். அது அப்பிடித்தான்னுட்டாங்க" என்றார். இரண்டு கணக்கையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை. விதி என்றால் விதிதான் அவருக்கு. சீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி ஜாடை காட்டக் கூடாது. அந்தக் கூட்டாளி என் அண்ணன். அண்ணன் ஒருநாள் காதைச் சொறிந்துவிட்டார் என்பதற்காக இவர் ஆட்டத்தையே கலைத்துவிட்டார். "எறும்பு கடிச்சிச்சு மச்சான்" என்று அண்ணன் சொன்னது எடுபடவில்லை.

வேலையிலிருந்து நின்று வெகு காலத்துக்குப் பிறகு, போன மழைக்காலத்தில்தான் அது தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்போதும்போல நாலு பேரும் எங்கள் முன்னறையில் ஆடினார்கள். அவரும் அண்ணனும் ஒரு பக்கம், கட்டபெட்டு மளிகைக் கடைக்காரரும் ஓய்வுபெற்ற லாரி டிரைவரும் மறுபக்கம். ஆட்டம் முடிந்து, பிடித்த சீட்டுகளை அவர் எண்ணினார். முதல் சீட்டைப் போட்டுப் பதினைந்து என்றார், அடுத்ததற்கு முப்பது, அதற்கடுத்ததற்கு நாற்பது. நாலாவதைப் போட்டு "கேம்" என்று சொல்லி எல்லாவற்றையும் வாரிக்கொண்டார். "ஏனுங்க மார்க்கரு, இன்னும் கோர்ட்டுல இருந்து வெளிய வரலீங்களா" என்று கடைக்காரர் கேட்க, அவரும் சேர்ந்து சிரித்தார். நான்கூட உள்ளே நின்று சிரித்தேன்.

அடுத்த வாரமும் அப்படியே எண்ணினார். அதற்கடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை. "ஜாக்கி முப்பது, ஒம்பது இருபது. அம்பது ஆச்சு மச்சான்" என்று அண்ணன் விரல் விட்டுக் காட்டினார். "அம்பதுன்னு ஒரு எண்ணே கெடையாது. எந்தத் துரை சொன்னான் ஒனக்கு?" என்று இவர் சீறினார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்தேன்.

குன்னூர் டாக்டர் இது மறதி நோய், மாறாது என்றார். நாலு பேரோடு பேசிச் சிரித்து இருக்கும் வரைக்கும் நல்லது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். விடாமல் பிடித்துக்கொள்ள என்ன இருந்தது எங்களிடம்? அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். மற்ற நாட்களில் தேயிலைக்குள் இறங்கி, கிளப்புக்கு நேரமாகிவிட்டது என்று நடப்பார். கொழுந்து பறிக்கிற பெண்கள் யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். ஞாயிறு மட்டும் காலையிலேயே சவரம் செய்துகொண்டு சீட்டுக்கட்டோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் சொல்கிற கணக்குப்படியே விட்டுவிடலாம் என்று கடைக்காரர் யோசனை சொன்னார். நல்ல மனுஷர். அப்படியே இரண்டு வாரம் ஆடினார்கள். எல்லா ஆட்டமும் அவருக்கே கேம் ஆனது. இரண்டாவது வாரம் அவர் சீட்டுகளைத் தரையில் எறிந்தார். "தோக்காம எவனாச்சும் ஆடுவானா? எல்லாரும் சேந்து ஏமாத்துறீங்க" என்றார். அது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு சீட்டுகளை எல்லாரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எழுந்து சமையலறைக்கு வந்தார். "தங்கச்சி, எனக்கும் முடியல. கடையிலேயே ஒரு ஆளச் சேத்துக்கிட்டு அங்கயே ஆடிக்கிறோம். இல்லாட்டி நீ வந்து ஒக்காரு. ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றார். அவர் இடத்தில் நான் எப்படி உட்கார்வது? உட்காராவிட்டால் அந்த மூன்று பேரும் இனிமேல் வரமாட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். டிரைவர் அவரை மெதுவாகக் கைத்தாங்கலாக எழுப்பி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம்போலக் கேள்வி கேட்க வேண்டும்; எனக்குக் குரல் எழும்பவில்லை. "சத்தமாச் சொல்லுங்கக்கா, நாங்க கடிச்சுற மாட்டோமுங்க" என்றார் கடைக்காரர். பாதி ஆட்டத்தில் என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து என் பின்னால் வந்து நின்று, எட்டிப் பார்த்து, "ரெண்டு ஜாக்கி" என்று உரக்கச் சொன்னார். ஜாடைக்கே ஆட்டத்தைக் கலைத்தவர். "எனக்குக் காது கேக்கலீங்க" என்று கடைக்காரர் தலை நிமிராமல் ஆடினார்.

நானும் அண்ணனும்தான் ஜெயித்தோம். நீயே எண்ணு என்றார் அண்ணன். முப்பது, ஐம்பது, அறுபத்தொன்று என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ஐம்பதில் சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. எண்ணி முடிக்கும்வரை என் கணவர் காத்திருந்து, என் பக்கத்தில் வந்து லேசாகக் குனிந்து, நான் இத்தனை வருஷத்தில் கேட்டிராத பணிவான குரலில், "வெல் பிளேய்ட், மேடம்" என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் கோர்ட்டு உங்களுக்கு வச்சிரட்டுங்களா?"

அண்ணன் சீட்டுகளைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். இவர் என் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"வையுங்க" என்றேன்.