ஊதச் சொன்னது நான்தான்

யக்கா, உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எட்டாவதோடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாவது தடவை ஊரைப் பிடித்தபோது உன்னைப் பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று வாசலில் வைத்து நர்ஸ் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார். உள்ளே மூன்று பந்து, பக்கத்தில் ஒரு குழாய். மூச்சுப் பயிற்சிக்காம். எப்படிச் செய்வது என்று மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே, "சரி சிஸ்டர், சரி சிஸ்டர்" என்றேன். குழாய் என்றால் ஊதத்தானே? வீட்டுக்கு வந்ததும் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"மணிக்குப் பத்து தபா ஊதணுமாம்க்கா. மூணு பந்தும் மேல போச்சுன்னா உனுக்கு சரியாயிட்ச்சுன்னு அர்த்தம்."

நீ ஊதினாய். ஒரு பந்துகூட அசையவில்லை.

அம்மா போன பிறகு பட்டினப்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வரைக்கும் மீன்கூடை சுமந்து என்னை வளர்த்தவள் நீ. தெருமுனையில் "மீனேய்" என்று நீ கத்தினால் மூன்றாம் மாடியில் கதவு திறக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளுக்கு அந்தக் குரல் இல்லை. நெகட்டிவ் என்று சீட்டு கொடுத்தார்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் அரை மணி நேரம் சுவரில் சாய்ந்திருப்பாய். சீப்பு நிறைய முடி வரும். அரைக் கிலோ சங்கரா மீன் எவ்வளவு என்று யாராவது கேட்டால் விலை ஞாபகம் வராமல் என் முகத்தைப் பார்ப்பாய். நான் வேலை பார்க்கிற தி.நகர் பாத்திரக் கடையில் மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் கூடையை நான் தூக்கினேன். நீ டப்பாவோடு பின்னால் வந்தாய்.

மந்தைவெளியில் ஒரு அபார்ட்மென்ட் வாசல் நிழலில் உட்கார்ந்து ஊதுவாய். அங்கிருக்கிற வாட்ச்மேன் சிரிப்பார்.

"இன்னா தங்கச்சி, பீப்பி ஊதிக்கினு கீற? கல்யாண ஆர்டரா?"

"ஆமாண்ணா, உன் கல்யாணத்துக்குத்தான். பொண்ணு கெட்ச்சா சொல்லு."

இவ்வளவு பேசியதற்கே இருமல் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் அழுவாய். "என் நெஞ்சுல ஒண்ணுமே இல்லடா. எல்லாம் காலி."

"துன்ற சோறு எங்க போவுது? தம் கட்டி ஊது. இப்டியே படுத்துக்கினு காலத்த ஓட்லாம்னு பாக்குறியா?"

அப்படிச் சொன்னேன். ஒரு நாள் இல்லை, பல நாள் சொன்னேன். தலை சுற்றிக் கீழே சாய்கிறவரை ஊதினாய். ஐந்து மாதம்.

அந்த அபார்ட்மென்ட்டின் கீழ் வீட்டில் ஒரு மாமி இருந்தார். மீன் வாடை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவர். ஒரு நாள் கேட் வரைக்கும் வந்து நின்றார்.

"ஏண்டியம்மா, என்ன பண்ணிண்டிருக்க? அது ஊதறதில்ல. உள்ள இழுக்கணும். எங்காத்து மாமாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ இதேதான் குடுத்தா."

நீ இழுத்தாய். முதல் பந்து டக்கென்று மேலே ஏறியது. இரண்டாவது பாதி வரை வந்து ஆடியது. குழாயை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாய். பிறகு கேட்டாய்.

"யார்ரா ஊத சொன்னது?"

"அந்த நர்ஸுதான்க்கா."

"நாசமா போனவ" என்றாய். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அவரைத் திட்டினாய். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

பந்து ஏறியதே என்ற தைரியத்தில் அடுத்த வாரமே கூடையை என் கையிலிருந்து பிடுங்கினாய். "குட்றா. நான் இன்னா செத்தா பூட்டேன்?" ராஜா அண்ணாமலைபுரம் வரைக்கும் நடந்தாய். மறுநாள் உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மாதம் பாயிலேயே கிடந்தாய். கொஞ்சம் தேறுவாய், நடப்பாய், திரும்பவும் விழுவாய். "சக்திக்கு மேல செய்யாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா செய்யுங்க" என்றார் டாக்டர். மீன் விற்கிறவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற வேலை ஏது? ஐஸ் கரைந்துகொண்டே இருக்கும்.

இப்படியே ஒன்றரை வருஷம். மூன்றாவது பந்து ஒரு நாளும் ஏறவில்லை.

அன்று காலை டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ சுவரில் சாய்ந்திருந்தாய். எப்போதும் அப்படித்தான் சாய்ந்திருப்பாய். அதனால் டீயை ஆற்றி உன்னிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே இருந்தேன்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். "அஞ்சு மாசம் தப்பா ஊதுனதாலயா சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று எழுதிக்கொண்டே சொன்னார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அந்த நர்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை, யக்கா. அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அதை உன்னிடம் சொல்ல ஒன்றரை வருஷம் இருந்தது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் போய் உட்காருகிறேன். உனக்காக மாதாவிடம் கேட்க வாய் வருவதில்லை. இதையும் தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, என் அக்காவுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வயசுதான் அவளுக்கு. எனக்காக வேண்டாம். அவளுக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.