ஆள் இருக்கிற கரவன் மூச்சு விடும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பாரிசில் என்னென்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினேன். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாமலே பாரவண்டி ஓட்டும் பெர்மி, அதுதான் ஓட்டுநர் பத்திரம், எடுத்தேன். லா சப்பல் தெருவின் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி இறக்க எங்கள் ஆட்களில் முதலில் வான் வாங்கியவன் நான்தான். கலியாணங்களுக்குக் கூடாரமும் கதிரையும் கிடாரமும் வாடகைக்கு விடலாம் என்று காட்டியவனும் நான்தான். "மணியத்தார் கையெழுத்துப் போடவே கஷ்டப்படுகிற ஆள்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் பிள்ளைகளுடைய கலியாணங்களில் என் கதிரையில்தான் எல்லோரும் இருந்தார்கள்.

கடைசியாக இன்னொரு வேலையையும் உண்டாக்கினேன். எனக்கு முன்னால் அப்படி ஒரு வேலை இருக்கவில்லை. புதுக் கரவன் எடுக்கப் போகிறவர்களோடு கூடப் போவது.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் சில்லு வீடு. படுக்கை, அடுப்பு, குளிக்கும் இடம் எல்லாம் உள்ளே இருக்கும். எங்கள் ஆட்கள் கோடை விடுமுறைக்கு அதை வாங்கத் தொடங்கியபோது கண்ணாடிபோல மினுங்குவதைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். முதல் மழையில் ஒழுகியது. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எடுக்கப் போகும் நாளில்

பகல் வெளிச்சத்தில் போங்கள். விற்கிறவர் வேகமாகப் பேசுவார், எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். தண்ணீர்த் தாங்கியை நிரப்பச் சொல்லி, பம்பைப் போட்டு, தொட்டிக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். காஸ் குழாய்ப் பூட்டில் சவர்க்கார நுரை பூசுங்கள், குமிழி வந்தால் கசிவு. காருக்குக் கொழுவி, பின் விளக்குகளை ஒவ்வொன்றாக எரித்துப் பாருங்கள்.

இன்னொன்று. கரவனின் தரையில் ஓட்டைகள் இருக்கும். அடுப்புக்குக் கீழே இருக்கும், கூரை யன்னலின் ஓரத்திலும் மூட முடியாத இடுக்கு இருக்கும். குளிர் அதற்குள்ளால் வரும். "புதுச் சாமானிலை ஓட்டையோ?" என்று சண்டைக்குப் போகாதவர்களை நான் கண்டதில்லை. அது பிழையில்லை, வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார்கள்.

ஏன் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கார்ஜ் குடும்பம்

சிவநேசனும் றஞ்சினியும் பாரிசுக்குப் பக்கத்தில் கார்ஜ் லே கொனெஸ் என்ற ஊரில் இருக்கிறார்கள். அவர் ஓர் உணவகத்தில் சமையல், அவ அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. பிள்ளைகள் இல்லை. கரவன் வாங்குவது றஞ்சினியின் ஆசை. போகும் வழியில் காரில் அவவே காரணம் சொன்னா. அவவின் பெரியண்ணை ஊரில் லொறி ஓட்டியவர். லொறிக்குப் பின்னால் ஒரு படுக்கை அடித்து, தங்கச்சியை ஏற்றி நாடு முழுக்கக் காட்டுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவருடைய படத்துக்கு மாலை போடாமல் வைத்திருந்தா. அந்தப் படம் அன்றைக்கு அவவின் மடியில் இருந்தது.

"முதல் ஆளா அவர் ஏறட்டும் ஐயா," என்றா. "அவருக்கிருந்த ஆசைதானே."

கரவன் விற்கும் வளவு பாரிசுக்கு வெளியே, அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவில். நவம்பர் மாதம். மதியம் கழிந்தும் பனிப்புகார் எழும்பவில்லை. வெள்ளைக் கரவன்கள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. புகாருக்குள் முதல் வரிசை மட்டும் கண்ணுக்குத் தெரியும். மிச்சமெல்லாம், அங்கே ஏதோ நிற்கிறது என்ற மாதிரி. பறவைச் சத்தம்கூட இல்லை.

வளவுக்காரர் பெயர் புறூனோ. எங்கள் வழக்கம் அவருக்குப் பழகிவிட்டது. முதல் தடவை நான் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தபோது, இது எந்த மதுவுக்கு என்று கேட்டவர், இப்போது தானே ஒரு கூடையில் தேசிக்காய் வாங்கி வைத்திருக்கிறார். தமிழ் ஆட்கள் வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார். அதற்கும் நான்தான் காரணம்.

கரவன் வண்டியும்தான், வீடும்தான். வண்டிக்குத் தேசிக்காய் என்றால் வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று றஞ்சினி நின்றா. நல்ல நேரம் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அண்ணையின் படத்தை முதலில் ஏற்றிப் பின் கதிரையில் வைத்தா. பால் காய்ச்சி, பிறகு பொங்கலும் வைக்க வேண்டும். பொங்கல் பானையோ அடுப்பின் இரண்டு வாயையும் மூடுகிற அகலம்.

"நீங்கள் வெளியிலை உங்கடை அலுவலைப் பாருங்கோ ஐயா," என்றார் சிவநேசன். "நாங்கள் சாமி அலுவலை முடிச்சுப்போட்டு வாறம்."

கதவு காற்றில் அடிக்காமல் உள்ளே பூட்டிக்கொண்டார்கள்.

வெளியே நின்ற நான்

கரவனைக் காரோடு கொழுவி, மூலைக் கால்களைத் தூக்கி வைத்திருந்தேன், விளக்குகளைச் சோதிக்க. கால் தூக்கியிருக்கும்போது கரவன் அதன் வில்லுகளில்தான் நிற்கும். உள்ளே ஒருவர் கையை நீட்டினாலும் வெளியே தெரியும். ஆள் இருக்கிற கரவன் மூச்சு விடும் என்று நான் சொல்வது அதைத்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, பார்த்துப் பிடித்தது.

தொடக்கத்தில் நன்றாகத்தான் ஆடியது. றஞ்சினி தேவாரம் படிப்பதும் பால் பொங்கியபோது இருவரும் சிரித்ததும் வெளியே கேட்டன. நானும் புறூனோவும் பின் விளக்குகளைப் பார்த்தோம், இணைப்புப் பூட்டைப் பார்த்தோம், சில்லுச் சுரைகளை இறுக்கினோம். புறூனோ குளிர் தாங்காமல் தன் கந்தோர் அறைக்குக் கோப்பி எடுக்கப் போனார். நான் தனியே நின்றேன். யன்னல்கள் உள்ளிருந்து புகார் படிந்து வெள்ளையாகிவிட்டன. அந்த வளவில் நின்ற மற்றக் கரவன்களைப் போலவே அதுவும் ஆகிவிட்டது. சமையல் நடக்கிறது, ஆவிதான் என்று நினைத்தேன்.

பிறகு றஞ்சினியின் குரல் கேட்டது. பாடவில்லை, யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தா. சிவநேசனோடு கதைக்கும் குரல் இல்லை அது. சின்னப் பிள்ளை கதைக்கும் குரல். கேள்வி கேட்கும், பிறகு பதிலுக்குப் பொறுத்திருக்கும், பிறகு மெல்லச் சிரிக்கும். பதில் எனக்குக் கேட்கவில்லை. இடையிடையே கதிரை மெத்தையின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. புதுக் கரவன்களில் மெத்தைகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் தருவார்கள். ஒருவர் இருந்து எழும்பினால் அந்தச் சத்தம் வரும். சத்தம் வந்தது பின் பக்கத்திலிருந்து, படம் வைத்த இடத்திலிருந்து.

நான் பயந்த ஆள் இல்லை. ஆனாலும் கரவனின் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன்.

அது ஆடவில்லை.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் கதைக்கிறா. பிளாஸ்டிக் சரசரக்கிறது. ஆனால் கரவன் கல்லுப்போல நிற்கிறது. சிவநேசன் பானையைக் கிளறினாலே அது தெரிய வேண்டும். நான் தட்டினேன். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். றஞ்சினியின் குரலும் நின்றுவிட்டது.

என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கரவன் எடுத்து முடியும் வரைக்கும் இரண்டாவது திறப்பை, அதாவது மற்றச் சாவியை, நான் யாருக்கும் கொடுப்பதில்லை, என் பையில்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தபோது

முதலில் வெக்கை முகத்தில் அடித்தது. பிறகு வெளிச்சம். உள்ளே சுவர் முழுக்க வெள்ளியாக மினுங்கியது. அடுப்புச் சுவர், அடுப்பின் கீழ்ப் பக்கம், தரை, எல்லா இடமும் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தார்கள். பால் பொங்கி வழிய வேண்டுமே, வழிந்தால் புதுச் சாமான் ஊத்தையாகுமே. எங்கள் வீட்டுக் குசினிகளில் அடுப்புக்குப் பின்னால் ஒட்டுகிற அதே தாள்தான். அதோடு தரை ஓட்டைகளும் அடுப்புக்குக் கீழே இருந்த ஓட்டையும் போய்விட்டன. கூரை யன்னலின் இடுக்கில், காற்று சாமி விளக்கை அணைக்கிறது என்று ஒரு துவாயைச் செருகியிருந்தார்கள். பானைக்குக் கீழே நெருப்பு நீலமாக இல்லை. மஞ்சளாக, நாக்கு நீட்டிக்கொண்டு எரிந்தது. பானையின் அடி கறுத்திருந்தது.

சிவநேசன் கதவடியில் மேசையில் தலை வைத்திருந்தார். கண் திறந்திருந்தது. நித்திரைக் குரலில், "சத்தம் போடாதேங்கோ ஐயா," என்றார். "அவர் வந்திருக்கிறாராம். இவ கதைக்கிறா."

றஞ்சினி பின் கதிரையில் படத்துக்குப் பக்கத்தில் சரிந்திருந்தா. கன்னம் இரண்டும் சிவந்து, கலியாணப் பெண்ணைப்போல இருந்தா. கண் மூடியிருந்தது. முகத்தில் சிரிப்பு. ஒருவருக்கு இடம் விட்டு ஒதுங்கிய மாதிரிச் சுவரோடு ஒட்டியிருந்தா.

கோப்பை கழுவிய நாட்களில் நிலக்கீழ் குசினியில் இந்த மஞ்சள் நெருப்பை நான் கண்டிருக்கிறேன். இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனதையும் கண்டிருக்கிறேன். மூச்சை அடக்கி, காஸை மூடி, சிவநேசனின் சட்டைக் கொலரைப் பிடித்து வெளியே தள்ளினேன். பிறகு றஞ்சினி. கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. மெலிந்த பெண்தான், ஆனால் மறு பக்கத்தில் இன்னொருவர் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. மெத்தை இடுக்கில் இறுக்கிச் செருகியிருந்த படச்சட்டத்தின் ஆணியில் அவவின் சேலை மாட்டியிருந்தது. அதுதான். கிழித்துக்கொண்டு இழுத்தேன்.

புல்லில் கிடத்தினேன். புறூனோ கோப்பியைப் போட்டுவிட்டு ஓடி வந்து பொம்பியேக்களுக்கு, தீயணைப்புக்காரருக்கு, தொலைபேசி அடித்தார். அவர்கள் வரும்வரை அந்தப் பெண்ணின் உயிர் என் கண் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தது. கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இருமினா. கண் திறந்து என்னைப் பார்த்தா. முதல் சொல் நன்றி இல்லை.

"ஏன் ஐயா இழுத்தனீங்கள்? அவர் சொல்லி முடிக்கேல்லை."

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. நாங்கள் நான்கு பேரும் புல்லில். கதவு திறந்தபடி. கரவனுக்குள் யாரும் இல்லை. உள்ளே பிளாஸ்டிக் உறை ஒரு தடவை சரசரத்தது. கதவுப் பக்கம் மெல்லத் தாழ்ந்தது, பிறகு எழும்பி நின்றது. ஒருவர் படியில் கால் வைத்து இறங்கினால் கரவன் எப்படி எழும்புமோ, அப்படி.

நான் புறூனோவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வில்லு, என்றார். குளிரில் வில்லு இளகும் என்றார். நானும் ஓம் என்றேன். வெக்கை போனால் பிளாஸ்டிக்கும் சத்தம் போடும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு கதைத்ததில்லை.

பொம்பியேக்கள் வந்து ஒட்சிசன் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணமில்லாத நஞ்சுக் காற்று, கார்பன் மொனொக்சைட், இல்லாத ஆட்களைக்கூடக் காட்டும் என்று அவர்களில் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார். இரண்டு பேரும் சுகமாக வீட்டுக்கு வந்தார்கள்.

படிக்க வேண்டியது

தரை ஓட்டையை மூடாதீர்கள். தாள் ஒட்டாதீர்கள், துவாய் செருகாதீர்கள். பால் காய்ச்சுங்கள், கதவைத் திறந்து வைத்துக் காய்ச்சுங்கள். வழிந்தால் துடைக்கலாம். அடுப்பு வாயை மூடும் பானை வைக்காதீர்கள். குளிருக்கு அடுப்பை எரிக்காதீர்கள். நஞ்சுக் காற்றுக்குக் கத்தும் சின்னக் கருவி கடைகளில் இருக்கிறது, வாங்கி மாட்டுங்கள். வெளியே நிற்கிறவர் அடிக்கடி சுவரில் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி என்னுடைய பங்கு.

பிறகு ஒரு நாள் கார்ஜில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியண்ணையின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நான் பார்த்ததை றஞ்சினி கண்டுவிட்டா.

"உயிரோடை இருக்கிற மனிசன் அந்தக் கரவனுக்கை எப்பிடி ஐயா வாறது?" என்றா. "இவ்வளவு காலமும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அவரே வந்து சொல்லிப்போட்டுப் போட்டார்."

அழவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தா. அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு பாரம் குறைந்திருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் லா சப்பலில் அவ சொல்லித் திரியும் கதை எனக்கு வந்து சேர்ந்தது. புடவைக்கடையில் சொல்கிறா, கோயிலில் சொல்கிறா. பெரியண்ணை வந்து, "எழும்பிப் போ பிள்ளை" என்று சொல்லி, கையைப் பிடித்து வெளியே விட்டாராம். கேட்கிறவர்கள் கண் துடைக்கிறார்கள். அந்தக் கதையில் நான் இல்லை. இரண்டாவது திறப்பும் இல்லை.

செத்தவரோடு எனக்குப் போட்டி இல்லை. வந்தது அவர் என்றால் வந்தவராகவே இருக்கட்டும். எழும்பிப் போ என்று சொன்னது அவர் என்றால் அந்தப் புண்ணியம் அவருக்கே போகட்டும். ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறந்தது. இந்தக் கதையை இனி யார் எங்கே சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுவரில் கை வைத்துப் பார்த்தவன் மணியம். திறப்பு வைத்திருந்தவன் மணியம். அவவின் கையைப் பிடித்த கை என்னுடையது.