அத்தான் பார்க்காத படம்

என் அக்காவின் கணவருக்கு மருத்துவமனையில் தாலாட்டு என்று பெயர். பத்தொன்பது வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அவர் வண்டியில் ஏறும் நோயாளிகள் வழியிலேயே கண் அசந்துவிடுகிறார்கள் என்று நர்ஸ்கள் வைத்த பெயர் அது. அவர் பிரேக்கை மிதிப்பதே தெரியாது. எந்தத் தெருவில் எந்தப் பள்ளம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு ஒரு பள்ளம் என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டுகிற மனிதர். சும்மா சொல்லக் கூடாது, அந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வீட்டில்தான் அவர் கல்லுளிமங்கன். நான் பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் "பாக்கலாம்" என்று. யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கேட்டை அடைத்து வண்டியை நிறுத்தியிருந்தால், அவராக வந்து எடுக்கிறவரை இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சர்க்கரை போட மறந்த காபியை அப்படியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். கல்யாணத்துக்கு முன்னால், இந்தப் பிள்ளைப்பூச்சியையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று அக்காவிடம் கேட்டேன். எனக்கு வாயை அடக்கத் தெரியாது, கோபமும் மூக்கு நுனியிலேயே இருக்கும். அக்கா சிரித்தாள். பிறகு அவரையே கட்டிக்கொண்டாள். இப்போது அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே மகள், எட்டு வயது. சிட்டு என்று கூப்பிடுவோம். சிட்டுவுக்குச் சத்தம் ஆகாது. பிடிக்காது என்பது வேறு, ஆகாது என்பது வேறு. குக்கர் விசிலும் நாற்காலி இழுபடும் சத்தமும் நமக்குக் காதோடு போய்விடும், அவளுக்கு உடம்பு முழுக்க வலிக்கும். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததால் ஒன்றும் குறையவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வீட்டில் மிக்ஸி ஓடும்.

நான்கு முறை அவளை சினிமாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். நான்கு முறையும் பத்தாவது நிமிடம் வெளியே வந்திருக்கிறோம். கடைசியாகப் போனபோது பின்சீட்டுக்காரர், பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் எதற்கு வருகிறீர்கள் என்றார். நான் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன், அத்தான் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று அவர் மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

ஆகவே சிட்டுவுக்கு நான்கு படங்களின் தொடக்கம் தெரியும், ஒரு படத்தின் முடிவும் தெரியாது. படுக்கையில் கிடந்தபடி முடிவுகளை அவளே சொல்லிப் பார்ப்பாள். அவள் சொல்லும் முடிவு எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான்: எல்லாரும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். ஒரு நாள் என்னிடம் உண்மையான முடிவைக் கேட்டாள். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"நீங்க சொன்னா அது உங்களோடது சித்தி. நான் பாக்கணும்."

ஊருக்கு வெளியே, முன்பு லாரிகள் நின்ற மைதானத்தில், அந்தக் காலத்து மாதிரி ஒரு டிரைவ்-இன் தியேட்டர் திறந்தார்கள். காரை ஓட்டிக்கொண்டு உள்ளே போய் வரிசையில் நிறுத்திவிட்டுக் காருக்குள் இருந்தே படம் பார்க்கலாம். திரை ஒரு பெரிய வெள்ளைச் சுவர். காட்டுவது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். டிக்கெட் கிழிக்கும் பெண்ணுக்குக்கூடப் பழைய பாணித் தொப்பி. வசனமும் பாட்டும் அவரவர் கார் ரேடியோவில் வரும். இந்தக் கடைசி விஷயத்தைச் செய்தித்தாளில் படித்த அத்தான் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், ராத்திரி டியூட்டி முடிந்ததும், நேராக அந்த மைதானத்துக்குப் போய், நுழைவு எங்கே, வெளியேறும் வழி எங்கே, பாதியில் கிளம்ப முடியுமா என்றெல்லாம் காவலாளியிடம் விசாரித்துவிட்டு வந்தார். தெரியாத வழியில் அவர் வண்டியை விட மாட்டார்.

"சத்தம் நம்ம கையில," என்றார் அக்காவிடம். அவர் அளவுக்கு அது ஒரு சொற்பொழிவு.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தோம். வெளியேறும் பாதையை ஒட்டி முன்வரிசையில் ஓரத்து இடம் கிடைத்தது. அத்தான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, ஒரே திருப்பில், கோடு பிசகாமல் காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். நிமிர்ந்து பார்த்தால் எங்களுக்கு எதிரே காலி மைதானம். திரை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பத்தொன்பது வருடப் பழக்கம். ஆம்புலன்ஸை எப்போதும் வெளியே கிளம்பத் தோதாகத்தான் நிறுத்துவார்கள். தொப்பிக்காரப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு மூடிக்கொள்ளத் தோன்றவில்லை. அதற்குள் எதிரே அடுத்த வரிசைக் கார்கள் வந்து நெருக்கிவிட்டன, திருப்பி நிறுத்த வழியில்லை. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. இறங்கிப் போய்ப் பின்கதவை மேலே தூக்கி, பின்சீட்டை மடக்கி, இருந்த போர்வையையெல்லாம் விரித்தார். சிட்டுவுக்கு ஒரே குஷி. திரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அக்காவும் அத்தானும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ரேடியோ முன்னால் இருந்ததால் அந்தக் குமிழைத் திருகும் வேலை எனக்கு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் படத்தை இடம் வலம் மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரயிலில் கைப்பெட்டி மாறிப்போன ஒரு ஆணும் ஒரு பெண்ணும், அதுதான் கதை. சிட்டு "இன்னும் கொஞ்சம் கம்மி" என்பாள், நான் குறைப்பேன். கிசுகிசு அளவுக்கு வந்ததும் சரி என்றாள். பத்து நிமிடம் தாண்டியது. பதினைந்து. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அப்போது கதாநாயகன் ஓடி வந்து ரயிலில் தொற்றினான். மைதானத்தில் இருந்த அத்தனை கார்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

டிரைவ்-இன்னில் கைதட்டுவது அப்படித்தானாம். அந்தக் காலத்து வழக்கமாம், அதற்காகவே வருகிறார்களாம். அத்தான் வந்து பார்த்தது படம் ஓடாத காலை வேளையில். வழியெல்லாம் விசாரித்தவருக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சிட்டு போர்வைக்குள் சுருண்டுவிட்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அக்கா அவள் மேல் கவிழ்ந்து இரண்டு காதையும் பொத்தினாள். அத்தான் எட்டிப் பின்கதவை இழுத்துச் சாத்தினார். ஹாரன்கள் ஓய்ந்த பிறகும் பிள்ளையின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கிளம்பிவிடலாம் என்று அக்கா போர்வைகளை இழுக்க ஆரம்பித்தாள். அவள் குரலில் அழுகைகூட இல்லை, பழகிப்போயிருந்தது. மேனேஜரை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கதவைத் திறந்தேன். அப்போதுதான் போர்வைக்குள்ளிருந்து சிட்டு கேட்டாள்.

"அப்பா, இது அஞ்சாவதா?"

அத்தான் "இரு, வர்றேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

முதலில் மேனேஜரிடம்தான் போனார். படத்தை நிறுத்தி அறிவிப்பெல்லாம் செய்ய முடியாது, வேண்டுமானால் நீங்களே சொல்லிப் பாருங்கள் என்று கைவிரித்துவிட்டாராம். சரி என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், எங்களுக்கு நேர் எதிரே நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினார். மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி நின்ற கார், பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"முன்னாடி ஒருத்தங்க படம் பாக்குறாங்க. முழுசா பாக்கப் போற முதல் படம். அவங்களுக்கு ஹாரன் தாங்காது. அதுக்குப் பதிலா லைட்டப் போட்டு அணைச்சீங்கன்னா உதவியா இருக்கும்."

அவ்வளவுதான். அடுத்த காருக்குப் போனார்.

எண்பது காருக்குக் குறையாது. கார் திரும்பி நின்றதால் அத்தனையும் என் கண்ணெதிரில் இருந்தன. கண்ணாடியில் படம் ஓடியது, நான் அதைப் பார்க்கவில்லை. காபிக்குச் சர்க்கரை கேட்காத மனிதர் குனிகிறார், தட்டுகிறார், பேசுகிறார், நிமிர்கிறார். திரை வெளிச்சம் கூடினால் அவர் தெரிவார், குறைந்தால் மறைவார். யாராவது ஒருவர், நீங்கள்தானே எங்கள் அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்று கட்டிப்பிடிப்பார் என்று காத்திருந்தேன். ஒருவர்கூட இல்லை. ஆம்புலன்ஸில் போகிறவர்கள் ஓட்டுகிறவன் முகத்தையா பார்க்கிறார்கள்? நாலாவது வரிசையில் ஒரு பிக்கப் வண்டிக்காரன் வெளியே இறங்கிக் கையை நீட்டி நீட்டிக் கத்தினான். அத்தான் அவன் முடிக்கும்வரை நின்றார். பிறகு சொன்னதையே திருப்பிச் சொன்னார் போலிருக்கிறது. அவன் கதவை அறைந்து சாத்தினான். அத்தான் அடுத்த காருக்குப் போனார்.

பெட்டி மாறியது தெரியவரும் கட்டத்தில் மறுபடியும் கைதட்டல் வந்தது. முதல் இரண்டு வரிசையில் விளக்குகள் எரிந்து அணைந்தன. பின்னால் ஹாரன்கள் கேட்டன, அவர் இன்னும் போய்ச் சேராத இடங்கள். சிட்டு காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடைவேளையில் அவர் வந்துவிடுவார் என்று அக்கா ஒரு கப் காபி வாங்கி வைத்திருந்தாள். வரவில்லை. தின்பண்டக் கடைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மறந்துவிடுவார்களோ என்று முதல் வரிசையிலிருந்து மறுபடி தொடங்கியிருந்தார்.

கடைசிக் காட்சி ரயில் நிலையத்தில். அப்போது அவர் அந்தப் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். படம் முடிந்தது. மைதானம் முழுக்க விளக்குகள் எரிந்தன. அணைந்தன, மறுபடி எரிந்தன. ஒரு ஹாரன்கூட இல்லை. பிக்கப் வண்டிக்காரன் விளக்குப் போடவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. எண்பது காரின் வெளிச்சமும் என் முகத்தில்தான் அடித்தது. கண் கூசுகிறது என்று அக்காவிடம் சொன்னேன். பொய். நான் அழுதுகொண்டிருந்தேன். பிள்ளைப்பூச்சி என்று சொன்ன வாயை அலம்ப வேண்டும் போலிருந்தது.

அத்தான் வந்து ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். பிரதான சாலைக்கு வந்த பிறகு பின்னாலிருந்து சிட்டு கேட்டாள்.

"அப்பா, நீங்க முடிவு பாத்தீங்களா?"

"இல்லயேம்மா."

"நான் சொல்லட்டா?"

"சொல்லு."

அவள் சொன்னாள். பெட்டி எப்படி மாறியது என்பதிலிருந்து தொடங்கினாள். நிலையத்தில் இரண்டு பேரும் பெட்டியோடு வந்து நிற்கிறார்களாம். திருப்பிக் கொடுத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றுதான் அவள் நினைத்தாளாம். அத்தான் நடுநடுவே "அப்புறம்?" என்றார்.

எங்கள் தெரு வந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு முகவரியைத் தவறவிட்டிராத மனிதர் அதைத் தாண்டி ஓட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"குடுக்கவே இல்லப்பா. மாத்திக்கல. அவங்க பெட்டிய இவரும், இவர் பெட்டிய அவங்களும் எடுத்துட்டு, ஒரே ரயில்ல ஏறிட்டாங்க. எங்க போறாங்கன்னு சொல்லல. நான் நெனச்ச முடிவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லப்பா. அதான் முடிவு."

அத்தான் அடுத்த முனையில் வண்டியைத் திருப்பினார்.