என் ஆறாவது புத்தகத்தைத் தூக்கிப்போக வந்த மச்சான்

நேற்று என் வீட்டுக் கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் பரீட்சை நடந்தது.

எனக்கு வயது அறுபத்தெட்டு. பரீட்சை வைத்தவர் என் மச்சான் தனபால். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர், பி.ஏ.

விஷயம் இதுதான்.

என் மகள் கவிதா கடலூரில் வேலை பார்த்தபோது ஜப்பான்காரர்களின் படக்கதைப் புத்தகங்கள் வாங்கி வைத்திருந்தாள். மாங்கா என்று பெயர். (பழம் இல்லை.) இங்கிலீஷில் மொழிபெயர்த்தது. ஒரே கதை, பன்னிரண்டு புத்தகம்.

அவள் பெங்களூருக்கு மாறியபோது நான்தான் அவற்றை பஸ்ஸில் மடியில் வைத்து சிதம்பரம் கொண்டுவந்தேன்.

சும்மா புரட்டினேன். விட முடியவில்லை.

நிலாவில் ஒரு தானியக் கிடங்கு. அதைக் காவல் காப்பது மியோ என்ற பெண்ணும் ஏழாம் நம்பர் என்ற ஒரு இயந்திரமும். அந்தப் பெண் மூன்று மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிறாள். பொய் என்று நினைத்தேன். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

(நான் அங்கே வேலைக்குப் போயிருந்தால் முதுகு நன்றாக இருந்திருக்கும்.)

காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் முப்பது வருடம் இருந்தேன். மூட்டை மேல் எழுத்து வெட்டிய தகடு வைத்து மையால் மில் பெயர் அடிப்பதும் என் வேலை. இங்கிலீஷ் பெரிய எழுத்துகளின் (கேப்பிடல் என்பார்களே, அது) உருவம் என் கைக்கு அப்போதே தெரியும். ஓசைதான் தெரியாது.

இரண்டு வருடம் முன்பு முதியோர் வகுப்பில் சேர்ந்து தமிழ் படித்தேன். அந்த டீச்சரிடமே இங்கிலீஷ் எழுத்துகளின் ஓசையையும் கேட்டுக்கொண்டேன்.

இந்தப் புத்தகங்களில் பேச்செல்லாம் பெரிய எழுத்திலேயே இருக்கிறது! தெரியாத சொல்லை போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினால் அது தமிழில் பொருள் சொல்கிறது. ஒரு புத்தகத்துக்கு இரண்டு மாதம் ஆகிறது.

வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

ஐந்தாவது புத்தகத்தின் கடைசியில் மியோ கிடங்குக்கு வெளியே மாட்டிக்கொள்கிறாள். கதவு பூட்டிவிட்டது. முதுகில் இருக்கும் காற்று கொஞ்சம்தான்.

முந்தாநாள் அதை முடித்தேன். நேற்றுக் காலை மச்சான் ஒரு கட்டைப்பையோடு வந்து நிற்கிறார். பள்ளிக்கூட லைப்ரரிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கவிதா போனில் சொல்லிவிட்டாளாம். அவளுக்கு நான் படிப்பது தெரியாதே.

ஏழு புத்தகம் பாக்கி இருக்கிறது என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்க பொம்ம பாக்குறீங்க மாமா. அத படிக்கிறதுன்னு சொல்லாதீங்க."

கையில் இருந்த இங்கிலீஷ் பேப்பரை நீட்டி ஒரு வரி படிக்கச் சொன்னார். எல்லாம் சின்ன எழுத்து. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் புத்தகங்களைப் பையில் அடுக்க ஆரம்பித்தார். ஆறாவதைக் கையில் எடுத்து, இடது பக்க அட்டையைத் திறந்தார்.

"மூடு மச்சான்! அது கடைசிப் பக்கம்" என்று கத்திவிட்டேன்.

"மொதப் பக்கம் எதுன்னே தெரியல. இதுல படிக்கிறாராம்" என்று தன் அக்காவிடம், அதாவது என் மனைவி அஞ்சலையிடம், சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவது புத்தகத்தைப் பையிலிருந்து உருவி, நடுவில் ஒரு பக்கத்தைக் காட்டி, இதை உன் அக்காவுக்குத் தமிழில் சொல் என்றேன். அஞ்சலைக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை கேட்டால் தப்பை உடனே பிடித்துவிடுவாள்.

மச்சான் பி.ஏ. படித்த மாதிரியே இடமிருந்து வலமாக மடமடவென்று சொன்னார்.

"'வேணாம், மூட்டைய மொதல்ல எடு.' 'தூக்கி உடட்டுமா?' 'காலு போயிடுச்சி.' 'அடி பட்டுதா?'"

அஞ்சலை அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "என்னா தம்பி, கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லுது?"

ஜப்பான்காரன் வலது பக்கமிருந்துதான் எழுதுவான். புத்தகம் மொழி மாறினாலும் படங்கள் அப்படியே இருக்கும். ஐம்பது வருடம் இடமிருந்து படித்தவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. எனக்குப் படிக்கிற பழக்கமே இரண்டு வருடம்தான். எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தால் என்ன?

புத்தகத்தை வாங்கினேன். வலது மேல் மூலையில் விரலை வைத்தேன். எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். மெதுவாகத்தான். அவர்கள் காத்திருந்தார்கள்.

குழிக்குள் விழுந்த ஏழாம் நம்பரிடம் மியோ, அடி பட்டதா என்று கேட்கிறாள். கால் போய்விட்டது என்கிறது. தூக்கிவிடட்டுமா என்கிறாள். வேண்டாம், மூட்டையை முதலில் எடு என்கிறது.

மில்லில் கால் மேல் மூட்டை விழுந்தபோது நானும் அதையேதான் சொன்னேன். அஞ்சலைக்கு அது தெரியும். முறம் அப்படியே இருந்தது.

"அப்பறம்?" என்றாள்.

"அப்பறம் என்னா, எல்லாத்தையும் தம்பி எடுத்துக்கினு போவுது."

அவள் தம்பியைப் பார்த்தாள். "பைய கீழ வை."

"அக்கா, பசங்களுக்குக் குடுக்கறேன்னு..."

"அவுரு படிச்சிட்டுத் தருவாரு. வை."

மச்சான் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "ஒண்ணு ரெண்டு மாசம்னா, பாக்கி ஏழும் முடிய ஒரு வருசத்துக்கு மேல ஆவும் மாமா."

ஆகட்டும் என்றேன். முடித்த ஐந்தை மட்டும் கொடுத்தனுப்பினேன். பிள்ளைகள் வேகமாகப் படித்து முடித்துவிட்டு என் வாசலில் வந்து நிற்கட்டும். நான் அவசரப்பட மாட்டேன். எழுபது வயதில் முடித்தாலும் நானே படித்துத்தான் முடிப்பேன்.

இதை எழுத எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. இனி ஆறாவதைத் திறக்கப் போகிறேன்.

உங்களில் யாராவது இந்தக் கதையை ஏற்கனவே படித்திருக்கலாம். மியோ பிழைத்தாளா இல்லையா என்று கமென்ட்டில் சொன்னால் பிளாக் செய்துவிடுவேன். எப்படிச் செய்வது என்று கவிதாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.